சாவி யார் கையில்? ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் வழிபாட்டுத் தலங்கள்

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் ஒரு பழைய கல் தூண் நிற்கிறது. 1773-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இப்படிப் பல தூண்களை நட்டது. மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். தூணைத் தாண்டி கோட்டைப் பக்கமாக யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று அன்றைய உத்தரவு. கோட்டை மதிலிலிருந்து பீரங்கி சுடும்போது எதிரி ஒதுங்க ஒரு குட்டிச்சுவர்கூட இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். அந்த வெட்டவெளி அதற்கு முன் வெட்டவெளியாக இருந்ததில்லை. இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பகுதியில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. மக்கள் பட்டணம் கோயில் என்று சொன்ன சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான் இருந்தது. 1757-ல் கம்பெனி அதை இடித்தது. மாற்று இடம் கொடுத்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று நடத்த, பூக்கடைக்குப் பக்கத்தில் சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்து இருக்கும் இன்றைய கோயில்கள் எழுந்தன.

அதற்குப் பதினோரு ஆண்டு முன்னால், 1746 செப்டம்பரில், பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 1748-ல் சமாதான உடன்படிக்கை ஆகி, 1749-ல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. வந்தவர்கள் கத்தோலிக்கர்களின் மேல் பாய்ந்தார்கள். பாதிரிமார் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்று சந்தேகம். கோட்டைக்குள் கப்புச்சின் துறவிகள் நடத்திவந்த புனித அந்திரேயா ஆலயத்தைப் பறித்து இடித்தார்கள். ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் வேப்பேரியில் அமைத்த சிற்றாலயத்தை 1752-ல் புராட்டஸ்டண்டு மிஷனரி ஃபப்ரீசியுஸ் வசம் ஒப்படைத்தார்கள்.

கோயிலை இடித்தது ஊரை ஆண்ட கம்பெனியே. ஆலயத்தைப் பறித்ததும் அதே கம்பெனிதான். ஆகவே இன்றைய சட்டக் கண்ணோடு பார்த்தால் இரண்டுமே ஆக்கிரமிப்பு அரசின் செயல் ஆகாது. ஆனால் அன்று சொன்ன மூன்று காரணங்களை மறக்கக் கூடாது: பாதுகாப்புக்கு இடம் வேண்டும், இவர்கள் எதிரிக்கு வேண்டியவர்கள், மாற்று இடம்தான் கொடுத்துவிட்டோமே. இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையிலும் துருக்கி பிடித்த வடக்கு சைப்ரஸிலும் ரஷ்யா பிடித்த கிரிமியாவிலும் இன்று நடக்கும் தகராறுகளின் கோப்புகளைப் புரட்டினால் இவையேதான் வேறு வேறு சொற்களில் வருகின்றன.

ஜெருசலேம், ஹெப்ரான் என்று செய்தி வரும் நாளில் மண்ணடியிலும் சரி, தங்கசாலையிலும் சரி, பேச்சு "முதலில் அது யார் இடம்?" என்றுதான் தொடங்கும். அங்கே தொடங்கினால் மூவாயிரம் வருடம் பின்னால் போய் நிற்போம், ஒன்றும் விளங்காது. விளங்க வேண்டுமென்றால் கேட்க வேண்டியது வேறு. படை உள்ளே வந்ததற்கு முந்தின நாள் சாவி யாரிடம் இருந்தது? இன்று யாரிடம் இருக்கிறது? ஓடு மாற்ற வேண்டுமானால் யார் கையெழுத்து வேண்டும்? எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்கு, யார் போகலாம்? இந்த நாலு கேள்விக்கும் விடை தெரிந்தால் தகராறு முக்கால்வாசி புரிந்துவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1907-ன் ஹேக் விதிகளின்படி, எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் உண்மையிலேயே வந்துவிட்ட நிலம் ஆக்கிரமிக்கப்பட்ட நிலம். அந்தப் படையை அனுப்பிய அரசு அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடாது. நம் ஊர்க் கோயிலுக்கு அறநிலையத் துறை நியமிக்கும் தக்கார் போலத்தான் அதன் நிலைமை: விளக்கெரிக்கலாம், சம்பளம் கொடுக்கலாம், ஒழுகும் கூரையை அடைக்கலாம், நிலத்தை விற்கவோ மூலவரை இடம் மாற்றவோ முடியாது.

அந்த விதிகளில் 56-ஆவது மிக முக்கியமானது. சமயம், தர்மம், கல்வி, கலை ஆகியவற்றுக்கு உரிய நிறுவனங்களின் சொத்து, அரசுச் சொத்தாகவே இருந்தாலும், தனியார் சொத்தாகவே கருதப்பட வேண்டும். பறிமுதல் செய்யவோ, இடிக்கவோ, வேண்டுமென்று சேதப்படுத்தவோ கூடாது. "இது பழைய அரசாங்கத்துக்குச் சொந்தம், அந்த அரசாங்கம் தோற்றுப்போனது, ஆகவே இனி எங்களுக்குச் சொந்தம்" என்ற வாதத்தை முளையிலேயே கிள்ள வைத்த விதி இது. மற்ற அரசுக் கட்டடங்களுக்கு இந்தக் காப்பு இல்லை. அவற்றை ஆக்கிரமிப்பாளர் அனுபவிக்கலாம், அழிக்கத்தான் கூடாது.

1954-ல் பண்பாட்டுச் சொத்துகளுக்கென்றே தனி ஹேக் உடன்படிக்கை வந்தது. இந்தியா 1958-ல் அதில் சேர்ந்தது. அதன் 5-ஆவது பிரிவின்படி, தலத்தைப் பராமரிப்பது உள்ளூர் அதிகாரிகளின் வேலை. ஆக்கிரமிப்பாளர் அவர்களுக்கு உதவ வேண்டும். அவர்களால் இயலாதபோது அவசர வேலையை அவர்களோடு சேர்ந்து செய்யலாம். 1999-ல் வந்த இரண்டாம் நெறிமுறை இன்னும் கறாரானது: காப்பாற்றவோ பதிவுசெய்யவோ கட்டாயம் தேவைப்பட்டாலொழிய அகழாய்வு கூடாது, வரலாற்றுச் சான்றை மறைக்கும் நோக்கில் கட்டடத்தை மாற்றவோ பயன்பாட்டை மாற்றவோ கூடாது. இஸ்ரேல் 1954 உடன்படிக்கையில் இருக்கிறது. 1999 நெறிமுறையில் இல்லை. அகழாய்வு பற்றிய சண்டைகளில் சட்டத்தின் பிடி தளர்ந்து காணப்படுவதற்கு இது பெரிய காரணம்.

ஒரு விதிவிலக்குச் சொல் எல்லா ஆவணத்திலும் இருக்கிறது: இராணுவத் தேவை. போர் நடக்கும்போது வேறு வழியே இல்லை என்ற நிலைக்குத்தான் அது பொருந்தும். ஆனால் நடைமுறையில் அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதற்கு ஜெருசலேமின் முக்ராபி குடியிருப்பு சான்று. 1967 ஜூன் 10-ஆம் தேதி ஆறு நாள் போர் முடிந்தது. அன்றிரவே இஸ்ரேல் தரப்பினர், யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவருக்கு எதிரே இருந்த சுமார் 135 வீடுகளையும் ஒரு சிறு பள்ளிவாசலையும் புல்டோசர் வைத்து இடிக்கத் தொடங்கினார்கள். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து வக்பாக இருந்த இடம். அங்கே சண்டை எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. சுவரில் வழிபட வரும் யூதர்களுக்கு அகலமான முற்றம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஹெப்ரான்

இவ்வளவையும் ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமானால் மேற்குக் கரை நகரான ஹெப்ரானைப் பார்க்க வேண்டும். முஸ்லிம்களுக்கு இப்ராஹிமி பள்ளிவாசல், யூதர்களுக்கு மக்பேலா குகை. இப்ராஹிம், இஸ்ஹாக், யாகூப் ஆகியோரும் அவர்கள் மனைவியரும் அடங்கிய இடம் என்று இரு சாராரும் நம்புகிறார்கள். சுற்றுமதிலின் பெருங்கற்கள் ஏரோது காலத்தவை, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அதற்குள் பைசாந்தியர் ஆலயம், பள்ளிவாசல், சிலுவைப் போராளிகளின் ஆலயம், மறுபடி பள்ளிவாசல் என்று மாறி மாறி வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மம்லூக் ஆட்சி மற்ற சமயத்தாரை உள்ளே விடுவதை நிறுத்தியது. யூதர்கள் வெளிப் படிக்கட்டின் ஏழாவது படிவரை ஏறிநின்று பிரார்த்திக்கலாம், அதற்கு மேல் கிடையாது. சுமார் 700 வருடம் இப்படியே போனது. 1929-ல் 67 யூதர்கள் கொல்லப்பட்டதோடு ஹெப்ரானின் பழைய யூதச் சமூகமும் சிதறியது. இந்தக் கசப்பையெல்லாம் மறைத்துவிட்டு அடுத்த பகுதியைச் சொல்வது நேர்மையாகாது.

1967-ல் இஸ்ரேல் படை ஹெப்ரானைப் பிடித்ததும் யூதர்கள் உள்ளே வழிபடத் தொடங்கினார்கள். முதலில் சில மணி நேரம், பிறகு சில அறைகள் என்று அது கூடிக்கொண்டே போனது. 1994 பிப்ரவரி 25, ரமலான் மாத வெள்ளிக்கிழமை. பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற யூதக் குடியேறி தொழுகையில் இருந்தவர்கள்மேல் சுட்டு 29 பேரைக் கொன்றான். விசாரித்த ஷம்கர் ஆணையம் இரு சமயத்தாரையும் பிரித்து வைக்கச் சொன்னது. அதன்படி இஸ்ஹாக் மண்டபம் முஸ்லிம்களுக்கு, இப்ராஹிம், யாகூப் சமாதிகள் உள்ள பகுதி யூதர்களுக்கு என்றாயிற்று. ஆண்டில் 10 நாள் கட்டடம் முழுவதும் ஒரு சாராருக்கு, இன்னொரு 10 நாள் மற்றவருக்கு. செத்தவர்கள் முஸ்லிம்கள், அதன் விளைவாகப் பள்ளிவாசலில் ஏறக்குறையப் பாதியை இழந்தவர்களும் முஸ்லிம்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வந்த இந்த ஏற்பாடு முப்பது ஆண்டு தாண்டியும் நடக்கிறது.

பிரிவினைக் கோடு ஒரு கட்டடத்துக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன விவரம் போதும். பாங்கு சொல்லும் அறை யூதர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் மாட்டிக்கொண்டது. மோதினார் ஒவ்வொரு வேளையும் சிப்பாய்களின் அனுமதியோடு, அவர்கள் துணையோடு மறுபக்கம் கடந்து போய்த்தான் பாங்கு சொல்ல முடியும். காவல்சாவடியில் "இப்போது முடியாது" என்று ஒருவர் சொன்னால் அந்த வேளைக்கு அந்தப் பள்ளிவாசலில் பாங்கு இல்லை. இதைச் செய்ய எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, தீர்ப்பும் தேவைப்படவில்லை.

அடுத்தது லிஃப்ட். முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் ஏற வழி வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. 1997-ன் ஹெப்ரான் ஒப்பந்தம் ஊரை இரண்டாகப் பிரித்தது. பள்ளிவாசல் இருக்கும் பழைய நகரம் இஸ்ரேல் இராணுவத்தின் பிடியில் உள்ள எச்2 பகுதி. ஆனால் அங்கும் கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரம் பாலஸ்தீன நகராட்சிக்கே விடப்பட்டது. 2020-ல் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகம் லிஃப்டுக்காக வளாகத்தின் ஒரு பகுதியைக் கையகப்படுத்த ஒப்புதல் தந்தது, அனுமதி இராணுவத்தின் சிவில் நிர்வாகம் வழியாக வந்தது, 2021-ல் வேலை தொடங்கியது. நகராட்சியும் வக்பும் எதிர்த்தன. உலகச் செய்தியில் இது "லிஃப்டைக்கூட எதிர்க்கிறார்கள்" என்று போனது. அவர்கள் எதிர்த்தது, அனுமதிப் படிவத்தின் அடியில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதை. ஒருமுறை அந்தக் கையெழுத்து செல்லுபடியானால் அடுத்த வாசலுக்கும் அடுத்த கூரைக்கும் அதுவே முன்மாதிரி.

2017 ஜூலையில் யுனெஸ்கோ ஹெப்ரான் பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் ஒரே கூட்டத்தில் சேர்த்தது. பாலஸ்தீனத்தின் பெயரில் பதிவானதை இஸ்ரேல் கடுமையாகக் கண்டித்தது. 2018 முடிவில் அமெரிக்காவும் இஸ்ரேலும் யுனெஸ்கோவிலிருந்து வெளியேறின. தரையில் அந்தப் பட்டியலால் ஒரு காவல்சாவடிகூட நகரவில்லை. பட்டியலுக்குப் போலீஸ் கிடையாது.

பழுதுபார்ப்பதே உரிமை

ஆணி அடிப்பதும் விளக்கு மாட்டுவதும் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று நம்பப்படும் ஜெருசலேமின் கல்லறை ஆலயத்தில் இதற்கு எழுதப்பட்ட மரபே இருக்கிறது. ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் அங்கே வழிபடுகின்றன. 1852-ல் உதுமானிய சுல்தான் "இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்" என்று ஆணையிட்டார். அதையே இன்றும் ஸ்டேட்டஸ் கோ என்கிறார்கள். 1929-ல் பிரிட்டிஷ் அதிகாரி கஸ்ட் அந்த வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். கூரையையோ தரையையோ பழுதுபார்க்கும் அதிகாரம் யாருக்கோ அவருக்கே அது தனி உரிமை. தூணில் விளக்கோ படமோ மாட்டினால் அந்தத் தூண் மாட்டியவருக்கு உரியது. ஆகவே ஒருவர் ஒழுகலை அடைக்க ஏணி வைத்தால் மற்றவர் ஏணியைப் பிடுங்குவார். சின்ன மனசு என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரம் இல்லாத இடத்தில் பழுதுபார்த்த ரசீதுதான் பத்திரம்.

இதனால் நேரும் கேடும் உண்டு. கல்லறை மாடம் சரியாமல் இருக்க 1947-ல் பிரிட்டிஷார் இரும்புச் சட்டம் அடித்தார்கள். செப்பனிடுவதில் மூன்று பெரிய பிரிவுகளும் ஒத்துவராமல் அந்த இரும்பு ஏறத்தாழ 70 வருடம் அப்படியே கிடந்தது. 2015-ல் இடியும் ஆபத்து என்று இஸ்ரேல் போலீஸ் சில மணி நேரம் மாடத்தை மூடியபிறகுதான் கிரேக்க, லத்தீன் (கத்தோலிக்க), ஆர்மீனியப் பிரிவுகள் கையெழுத்திட்டன. நாங்கள் செய்யாவிட்டால் வேறு யாரோ செய்துவிடுவார்கள் என்ற பயம்தான் அவர்களை ஒரே மேசைக்கு இழுத்தது. 2017 மார்ச்சில் வேலை முடிந்து இரும்பை எடுத்தார்கள்.

அதே ஆலயத்தின் கூரையில் தேர் அல் சுல்தான் என்ற மடம். எகிப்தியக் கிறிஸ்தவர்களான காப்டுகளுக்கும் எத்தியோப்பியர்களுக்கும் நெடுங்காலப் பிணக்கு. 1970 ஈஸ்டர் இரவில் காப்டுகள் கீழே வழிபாட்டில் இருந்தபோது எத்தியோப்பியர்கள் இரண்டு சிற்றாலயங்களின் பூட்டை மாற்றினார்கள். இஸ்ரேல் போலீஸ் காவல் நின்றது. 1971-ல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சாவியைக் காப்டுகளிடம் திருப்பித் தரச் சொன்னது. ஆனால் அடிப்படை உரிமையை ஆராய்ந்து முடிவெடுக்க அரசுக்கு இடம் விட்டது. அரசு இன்றுவரை சாவியைத் திருப்பித் தரவில்லை. எகிப்தோடு பகை, எத்தியோப்பியாவோடு நட்பு என்று அன்றைய வெளியுறவுக் கணக்கு அதில் இருந்தது. உள்ளூர்ப் பிரிவுகளின் சண்டையில் ஆக்கிரமிப்பு அரசு நடுவராக உட்கார்ந்தால் தீர்ப்பு எங்கிருந்து வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கிரிமியாவில் பக்சிசராய் நகரின் கான் அரண்மனை கிரிமியத் தாத்தார்களின் தலையாய நினைவிடம். 2014-ல் ரஷ்யா கைப்பற்றியபின், 2017-ல் அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் கையால் செய்த ஓடுகளையும் பழைய ஓக் உத்திரங்களையும் கழற்றிப் புதியவை போட்டார்கள். சீரமைப்பு என்று பெயர். பழைய ஓட்டைக் கழற்றுமுன் ஒவ்வொன்றையும் எண்ணிட்டு, படமெடுத்து, நல்லதைத் திரும்ப அதே இடத்தில் வைப்பது பாதுகாப்பு வேலையின் அரிச்சுவடி. மொத்தமாக மாற்றிவிட்டால் கட்டடம் நிற்கும், அதன் வயதுக்கான சான்று போய்விடும்.

அகழாய்வும் இதேபோல்தான். மேற்குக் கரையின் தென்பகுதியில் சுசியா கிராமத்தில் யூதர்களின் பழைய ஜெப ஆலயத்தின் இடிபாடு கிடைத்தது. 1986-ல் இடத்தைத் தொல்லியல் தளம் என்று அறிவித்து, அங்கே குகைகளிலும் வீடுகளிலும் குடியிருந்த பாலஸ்தீனர்களை வெளியேற்றினார்கள். அந்த இடிபாட்டில் ஜெப ஆலயம் பள்ளிவாசலாக மாறிய தடமும் உண்டு. எந்த அடுக்கைக் காட்டுகிறோம், எதற்குப் பலகை வைக்கிறோம் என்பதும் அதிகாரம்தான்.

எந்த நாளிலிருந்து கணக்கு?

நம் நாட்டில் 1991-ன் வழிபாட்டுத் தலங்கள் சட்டம் 1947 ஆகஸ்ட் 15 என்று ஒரு நாளைக் குறித்தது. அந்த நாளில் இருந்த தன்மை மாறக் கூடாது என்றது. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட நாள் கிடையாது. பாலஸ்தீனர்கள் 1967 ஜூன் 4 என்பார்கள். யூதர்கள், 1949 போர்நிறுத்த உடன்படிக்கை மேற்குச் சுவருக்குப் போக வழிவிடச் சொல்லியும் ஜோர்டான் 1967 வரை விடவில்லை, 1948-ல் பழைய நகரின் ஹுர்வா ஜெப ஆலயத்தைத் தகர்த்தது என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் முந்தைய அநியாயம் ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கடமைகளை ரத்து செய்யாது. அந்தக் கணக்கைத் தீர்க்கும் இடம் சமாதானப் பேச்சுவார்த்தை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஈழம் நினைவுக்கு வராமல் இருக்காது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட கீரிமலை நகுலேசுவரம், தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரை, குருந்தூர்மலையில் தொல்லியல் திணைக்களத்தோடு தகராறு. ஒரு நாட்டின் எல்லைக்குள் நடப்பதால் ஹேக் விதிகளின் ஆக்கிரமிப்புப் பிரிவுகள் அங்கே நேரடியாகப் பொருந்தா. வழிமுறை மட்டும் அச்சு அசலாக ஒன்றுதான்: முதலில் பாதுகாப்பு வலயம், பிறகு தொல்லியல் அறிவிப்பு, பிறகு கட்டுமானம்.

எது வென்றது, எப்படி

சைப்ரஸின் கனகாரியா வழக்கு இந்தத் துறையில் எல்லோரும் படிக்க வேண்டியது. 1974-ல் துருக்கிப் படை தீவின் வடக்கைப் பிடித்தது. கிரேக்கர்கள் தெற்கே ஓட, ஆலயங்கள் ஆளில்லாமல் நின்றன. லித்ராங்கோமி கிராமத்து பனாகியா கனகாரியா ஆலயத்தில் 6-ஆம் நூற்றாண்டுச் சுவர் மொசைக்குகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். 1988-ல் இண்டியானாபொலிஸ் நகரின் கலைப்பொருள் வணிகர் பெக் கோல்ட்பெர்க் அவற்றில் நாலு துண்டுகளைச் சுமார் 10.8 லட்சம் டாலருக்கு வாங்கினார். சைப்ரஸ் திருச்சபை வழக்குப் போட்டது. ஆளில்லாத ஆலயங்கள் தங்களுக்குச் சேரும் என்று வடக்கு நிர்வாகம் போட்ட ஆணைகளை அமெரிக்க நீதிமன்றம் ஏற்கவில்லை. 1989-ல் திருச்சபை வென்றது, 1990-ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

வெற்றிக்குக் காரணம் வாதத்திறமை மட்டும் இல்லை. அந்த மொசைக்குகளை அறிஞர்கள் முன்பே அளந்து, படமெடுத்து, அச்சில் வெளியிட்டிருந்தார்கள். திருட்டு தெரிந்ததும் திருச்சபையும் அரசும் யுனெஸ்கோவுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் எழுதி வைத்தன. திருடுபோன ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோதும் கைகொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம்தான்.

ஆகவே ஆபத்தான இடத்தில் இருக்கும் தலத்தின் நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள்: என்ன பொருள், எதனால் ஆனது, உயரம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில், எடை, கல்வெட்டு அல்லது எழுத்து இருந்தால் அதன் படி. முன், பின், இரு பக்கம், அடிப்பாகம் என்று படங்கள், ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். அழகான படத்தைவிட உடைந்த விரல், ஒட்டுப்போட்ட விளிம்பு, கல்லில் ஓடும் கீறல் ஆகியவற்றின் கிட்டப் படம் முக்கியம். ஒரே மாதிரி நூறு சிலை இருக்கலாம், ஒரே கீறல் இரண்டு சிலையில் இருக்காது. சுவரோடு சேர்ந்த ஓவியத்துக்கும் மொசைக்குக்கும் எந்தச் சுவரில் தரையிலிருந்து எத்தனை அடி என்று தரைப்படத்தில் குறிக்க வேண்டும்.

பொருளைப் போலவே பொறுப்பையும் பதிய வேண்டும். வக்பு பத்திரம், சாவி வைத்திருந்தவர் பெயர் உள்ள பதிவேடு, மின்கட்டண ரசீது, கொத்தனாருக்கும் தச்சருக்கும் கொடுத்த கூலிச் சீட்டு. இவை குப்பை மாதிரித் தெரியும். பராமரித்தது யார் என்ற கேள்வி வரும்போது நீதிமன்றம் கேட்பது இவற்றைத்தான். பலர் பத்திரத்தைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு ரசீதுகளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு வழக்கமான பிழை, எல்லாவற்றையும் அந்தத் தலத்தின் அலுவலக அறையிலேயே பூட்டி வைப்பது. கட்டடம் போகும் நாளில் அலமாரியும் போகும். மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்றாவது அந்த நிலத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 1969-ல் அல் அக்ஸாவில் தீயில் எரிந்துபோன மிம்பரை (பிரசங்க மேடையை) ஜோர்டானில் புதிதாகச் செய்து 2007-ல் பழைய இடத்தில் வைத்தார்கள். தச்சர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவை எஞ்சிய கரித்துண்டுகளும் வேறிடங்களில் பத்திரமாக இருந்த பழைய படங்களும்தான்.